பக்கத்தில் நின்றவளைக் காணாத அக்கா

"நாலு எழுத்துப் படிச்சுட்டா, அடுத்தவ வயித்துக்குள்ள இருக்கறதெல்லாம் தெரிஞ்சுடுமாடி உனக்கு?"

அக்காவின் மாமியார் இதைக் கேட்டது தேக்கா சந்தையில், காலைக் கூட்டத்தின் நடுவில். இரண்டு பக்கத்துக் கடைக்காரிகளும் அம்மிக் குழவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். உண்மையில் அன்று எனக்கு எதுவும் தெரியாது. அக்காவுக்கு ஏதோ சரியில்லை என்பது மட்டும்தான் தெரிந்திருந்தது. அவள் கண் போய்க்கொண்டிருந்தது என்பதும், இன்னும் சில மாதம் நாங்கள் சும்மா இருந்திருந்தால் அது முழுவதும் போயிருக்கும் என்பதும் பின்னால் தெரிந்தவை.

பெரிய யுத்தம் முடிந்து, நாகப்பட்டினத்துக் கப்பல்கள் கடல் கடந்து எங்கள் மலாய்த் துறைமுகத்துக்கு மறுபடி ஒழுங்காக வரத் தொடங்கிய காலம் அது. அப்பா முனிசிபாலிட்டியின் தண்ணீர் வண்டி ஓட்டினார். வெயில் ஏறியதும் சிராங்கூன் சாலைப் புழுதி அடங்க மாட்டுவண்டியில் தண்ணீர் தெளித்துக்கொண்டு போவார். அந்த வழியில் இருந்த மிஷன் பள்ளியின் வாசலில், நான் சின்னவளாக இருந்தபோது ஒருநாள் என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, "இதுக்கும் எழுதச் சொல்லிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் குடும்பத்தில் எழுத்தைக் கண்ட முதல் ஆள் நான். என்னைவிட நான்கு வயது மூத்தவளான அக்கா அப்போது வீட்டில் அரிசி களையும் வயதை எட்டிவிட்டாள் என்று சொல்லி அவளை அனுப்பவில்லை. ஆனால் தினமும் என் சிலேட்டைச் சாம்பல் போட்டுத் துடைத்துக் கொடுத்தவள் அவள்தான். பரீட்சை எல்லாம் தேறி, அதே பள்ளியில் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க எனக்கு இடம் கிடைத்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அந்த வயதில் எனக்கு எவ்வளவு கர்வம் இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. இப்போதும் இருக்கிறது. ஆனால் அப்போது அதற்கு ஒரு மாதத்தை நாங்கள் விலையாகக் கொடுத்தோம்.

அக்காவைக் கட்டிய அத்தான், குதிரைப் பந்தயத் திடலை ஒட்டிய லாயத்தில் குதிரைக்காரர். அதிகம் பேசாதவர். குதிரையிடம் பேசுகிற அளவுக்கு மனிதரிடம் பேசமாட்டார் என்று அம்மா சொல்வாள். அவருடைய தாயார் தேக்காவில் அரைத்த மசாலா விற்றார். நான் அவரையும் அத்தை என்றே கூப்பிடுவேன். ஒரு நீளப் பலகையில் வாழை இலை விரித்து, அதன்மேல் மஞ்சள், மிளகாய், சீரகம், மல்லி, சோம்பு என்று அரைத்த விழுது தனித்தனி உருண்டையாக இருக்கும். வருகிறவர்கள் "மீனுக்கு", "கோழிக்கு" என்று சொல்வார்கள். அதற்கேற்ப ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கிள்ளி, இலையில் மடித்துக் கொடுக்க வேண்டும். கல்யாணமான இரண்டாம் மாதமே அக்கா அந்தப் பலகையின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவள் கை அளவு அத்தையின் கை அளவைவிட நன்றாக இருக்கிறது என்று வாடிக்கைக்காரர்களே சொன்னார்கள். அத்தைக்கு அதில் பெருமை. வெளியில் காட்டமாட்டார்.

அடுத்த ஆண்டு அக்காவுக்கு மாதாமாதம் தலைக்குக் குளிப்பது நின்றது. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. வெயில் ஏறினால் கொஞ்சம் தெளிவாள். இதற்கு என்ன அர்த்தம் என்று எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். அத்தை மாங்காய் வாங்கி வந்தார். அம்மா புளிச்சோறு கட்டிக்கொண்டு போனாள். எருமைக் கொட்டில் பக்கத்தில் இருந்த மருத்துவச்சி வந்து அக்காவின் மார்பை அழுத்திப் பார்த்தாள். இரண்டு சொட்டுப் பால் வந்தது. "பாலே இறங்கிடுச்சு, இனி என்ன சந்தேகம்? ஆம்பளப் புள்ளதான்" என்று சொல்லி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போனாள்.

பள்ளியில் எனக்கு உபாத்தியாயினி என்று சான்றிதழ் கொடுத்த அன்று, அதை முதலில் அக்காவிடம்தான் காட்ட வேண்டும் என்று நேரே சந்தைக்குப் போனேன். பலகையின் இடது ஓரம் போய் அவள் தோளருகே நின்றேன். கையில் சுருட்டிய காகிதம். அவள் ஒரு சீனத்தியிடம் பேசிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் போன பிறகும் என் பக்கம் திரும்பவில்லை. நேரே பார்த்துக்கொண்டு, மிளகாய் உருண்டையை ஈரத்துணியால் மூடினாள். சந்தை இரைச்சலில் கூப்பிடாமல், அவளாகப் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே நின்றேன். பத்து எண்ணும் நேரம் இருக்கும். அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது கண்ணில் நீர் முட்டியது. தான் படிக்காததால் என் படிப்பைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை என்று முடிவு கட்டினேன். பிள்ளை வரப்போகிறதல்லவா, இனி அவளுக்குத் தங்கை எதற்கு என்றும் நினைத்தேன். ஒரு மாதம் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. அம்மா கேட்டதற்குப் பள்ளியில் வேலை என்றேன்.



கோபம் தீர்ந்து போகவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயைச் சேர்க்க வேண்டியிருந்ததால்தான் மறுபடி சந்தைக்குப் போனேன். நான் போன நேரம் மலாய் பேசும் சீனக் குடும்பத்து நோன்யா அம்மாள் ஒருத்தி அத்தையிடம் மலாயில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். நேற்று வாங்கிய மசாலாவில் மீன் குழம்பு வைத்தாளாம். மல்லியே இல்லை, வெறும் மிளகாய், வீட்டுக்காரருக்கு நாக்கு வெந்துவிட்டதாம்.

"மாஃப்லா, மன்னிச்சுக்கம்மா! பிள்ளைத்தாச்சிப் பொண்ணு, மறந்துடறா" என்று அத்தை பாதி மலாயும் பாதி தமிழுமாகச் சமாளித்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவிடம் திரும்பி, "மல்லிய எங்கடி வச்ச?" என்றார்.

"மல்லி தீந்துபோச்சு அத்தை" என்றாள் அக்கா.

மல்லி உருண்டை அவள் இடது முழங்கைக்குப் பக்கத்தில், பலகையின் ஓரத்தில், தேங்காய் அளவுக்கு இருந்தது.

பக்கத்துக் கடைக்காரி ஒருத்தி, "கல்யாணம் ஆனதும் உன் மருமவளுக்குக் கண்ணு உச்சந்தலைக்குப் போயிடுச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நான் அவள் எதிரில் போய் நின்றதும், "வாடி வாத்தியாரம்மா! ஒரு மாசமா எங்க போன?" என்று அவள் முகம் மலர்ந்தது. பொய்யான மலர்ச்சி இல்லை அது. சான்றிதழ் எங்கே, ஏன் காட்டவில்லை என்று அவளே கேட்டாள்.

அன்று காலை முழுவதும் நான் பள்ளிக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். நடுவில் இருந்த மிளகாய், மஞ்சள், சீரகம் ஒருமுறைகூடத் தவறவில்லை. இடது ஓரத்து மல்லியும் வலது ஓரத்துச் சோம்பும்தான் தவறின. மறதி என்றால் ஓரத்தை மட்டும் பார்த்தா மறக்கும்? யாருக்கும் தெரியாமல் சோம்பையும் சீரகத்தையும் இடம் மாற்றி வைத்தேன். பிறகு சோம்பு சரியாகக் கிள்ளினாள். சீரகம் இல்லாமல் போயிற்று.

அத்தையின் காதோடு சொன்னேன். அக்காவுக்குப் பக்கவாட்டில் கண் தெரியவில்லை, தலைவலியும் ஓயாமல் இருக்கிறது, ஐந்து மாதம் ஆகிறது என்கிறீர்கள், வயிறு எழும்பவே இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அப்போதுதான் அத்தை அந்த 'நாலு எழுத்து' வார்த்தையைச் சத்தமாகச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. மடியிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா ஒரே முறையில் கோத்துக் காட்டினாள்.

"பாத்தியா? ஊசிக் காது தெரியுது. கண்ணுக்கு என்ன கேடு? ஆஸ்பத்திரிக்குப் போனா மருந்தக் குடுத்துப் புள்ளயக் கலைச்சுடுவான். ஐஞ்சாம் மாசம் பூ முடிக்கணும், நாகப்பட்டினத்து வளையலுக்குச் சொல்லியாச்சு. நீ போயி உன் புள்ளைங்களுக்கு ஏ பி சி டி சொல்லிக் குடு."

அவர் மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. மூத்த மகனுக்கு ஆண்டுக்கணக்கில் குழந்தை இல்லாமல் போய், அந்த மருமகள் ஊருக்கே திரும்பிவிட்டாள். இந்த வயிறாவது நிறைய வேண்டும் என்று அவர் எத்தனை கோயில் ஏறினார் என்பது பிறகு தெரிந்தது.

மறுநாள் மாலை நான் லாயத்துக்குப் போனேன். அத்தான் ஒரு கறுப்புக் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை எல்லாம் குதிரையின் முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "ரெண்டு நாள் முன்ன ரிக்‌ஷா மேல மோதிக்கிட்டா. வலது பக்கம் வந்துச்சு, மணியும் அடிச்சான். கடைசியில அப்படியே துள்ளுனா" என்றார். தேய்க்கிற பிரஷைக் கீழே வைக்காமலே, "வா" என்றார்.

வீட்டில் அத்தை இல்லை. அக்காவை முக்காலியில் உட்கார வைத்து, என் மூக்கையே பார்க்கச் சொன்னேன். அத்தான் அவளுக்குப் பின்னால் நின்று, பிரஷைப் பிடித்த கையை அவள் காதுப் பக்கத்திலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தார். தெரிந்ததும் சொல்ல வேண்டும். அக்காவுக்கு விளையாட்டாக இருந்தது. "என்னங்க, எனக்குப் பந்தயமா?" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். கை காதைத் தாண்டியது, கன்னத்தைத் தாண்டியது, கண்ணின் ஓரத்தைத் தாண்டியது. மூக்குக்கு முன்னால் ஏறக்குறைய வந்த பிறகுதான், "ஆ, வந்துடுச்சு" என்றாள். மறு பக்கமும் அப்படியே. அத்தான் மறுபடி செய்தார். மூன்றாவது தடவையும் செய்தார்.

"பட்டை போட்ட குதிரை" என்றார். வண்டியில் பூட்டும் குதிரைக்குப் பக்கத்தில் இருப்பது தெரிந்து மிரளாமல் இருக்கக் கண்ணின் இரண்டு பக்கமும் தோல்பட்டை கட்டுவார்கள். பட்டை கட்டிய குதிரை எப்படி நடக்கும், எப்படித் திடீரென்று துள்ளும் என்று தினம் பார்க்கிறவர் அவர். நான் என்ன படித்துச் சொல்லியிருந்தாலும் அவர் இவ்வளவு விரைவாக நம்பியிருக்கமாட்டார்.

அத்தையிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம். "நாளைக்கு இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்மா." அத்தை ஒரு பாட்டம் அழுதுவிட்டு, "அங்க போயி முதல்ல மாசமா இருக்கேன்னு சொல்லிடு. அப்பதான் கண்ட மருந்தும் தரமாட்டான்" என்று அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நானும் கூடப் போனேன்; அத்தான் வாசலில் நின்றுகொண்டார். ஆஸ்பத்திரியில் கண் பார்க்கும் வெள்ளைக்கார டாக்டர் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தார். அவர் பக்கத்தில் டிரெஸர் என்கிற உதவியாளர், யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ்க்காரருக்கு எல்லாம் அவர்தான் வாய். கூடத்தில் பெஞ்சு நிறைய ஆண்கள். துறைமுகக் கூலிகள், காவல் வேலை பார்க்கும் ஒரு சீக்கிய ஜாகா, இரண்டு மாலுமிகள். பெண் என்று பார்த்தால் அக்காவும் நானும் ஒரு மலாய்க் கிழவியும்தான்.

"என்ன வருத்தம் தங்கச்சி?" என்றார் டிரெஸர்.

"தலைவலிங்க."

"எவ்வளவு காலமா இந்தத் தலையிடி? வேற ஏதும் இருக்கே?"

அக்கா தலை குனிந்தாள். "வேற ஒண்ணுமில்லீங்க. மாசமா இருக்கேன்."

அவர் அதை இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் தலையை ஆட்டினார். கர்ப்ப காலத்துத் தலைவலி, பிரசவத்துக்குப் பிறகு வரச் சொல் என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார். எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த ஆளைக் கூப்பிட்டாகிவிட்டது.

அக்காவின் மேல் குற்றமில்லை. குளிப்பது நின்றது, மாரில் பால் வருவது, வயிறு எழாதது ஆகியவற்றை ஓர் ஆண்மகனிடம், அதுவும் தமிழ் பேசும் ஆண்மகனிடம், அத்தனை பேர் நடுவில் எந்தப் பெண் சொல்வாள்? அவர் நல்ல மனிதர்தான். அதனால் கேட்கவும் இல்லை.

நான் மேசைக்கு எதிரில் போய் நின்றேன். இங்கிலீஷில் பேசினேன். வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற குரல்தான் வந்தது. "டாக்டர், இவளுக்கு ஐந்து மாதமாக மாதவிலக்கு இல்லை. பால் வருகிறது. ஆனால் வயிறு ஐந்து மாத வயிறு இல்லை. இரண்டு பக்கமும் கண் தெரியவில்லை, நடுவில் மட்டும் தெரிகிறது. நாங்கள் வீட்டில் சோதித்துப் பார்த்தோம்."

டிரெஸருக்கு முகம் சிவந்துவிட்டது. "பிள்ளை, உம்மட இங்கிலீஷ் நல்லாத்தான் இருக்கு. ஆனா முறை எண்டு ஒண்டு இருக்கு" என்றார் மெதுவாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்படிச் சோதித்தீர்கள்?" என்று கேட்டார். குதிரை தேய்க்கும் பிரஷால் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து, முனையில் வெள்ளை மணி வைத்த ஒரு மெல்லிய குச்சியை எடுத்தார். அத்தான் செய்த அதே காரியத்தைத்தான் அவரும் செய்தார். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடி, காகிதத்தில் வட்டம் போட்டுக் குறித்துக்கொண்டார். வட்டத்தின் வெளிப்பாதி இரண்டு கண்ணுக்கும் கறுப்பாயிற்று.

பெண்கள் வார்டில் ஒரு நர்ஸ் அக்காவின் வயிற்றைப் பார்த்து, உள்ளே குழந்தை இல்லை என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னாள். மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். தலையைப் பலகையில் சாய்த்து அசையாமல் இருக்கச் சொன்னபோது அவள் பிடித்துக்கொள்ள என் விரலைக் கேட்டாள். கொடுக்க விடவில்லை. கண்ணாடித் தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, மண்டை ஓட்டின் அடியில் ஒரு சின்னக் குழியை டாக்டர் காட்டினார். கடலைப் பருப்பு அளவுச் சுரப்பி ஒன்று அதில் இருக்குமாம். உடம்பின் பல காரியங்களை, குளிப்பதும் பிள்ளை பெறுவதும் உட்பட, அதுதான் நடத்துகிறது. அக்காவின் குழி அகன்று பள்ளமாகியிருந்தது. அந்தச் சுரப்பியில் கட்டி வளர்ந்து, மேலே போகும் கண் நரம்புகள் குறுக்காகச் சந்திக்கும் இடத்தை முட்டுகிறது. பக்கவாட்டுப் பார்வை அந்த இடத்து வழியாகத்தான் போகிறதாம். பால் எப்படி வந்தது என்று கேட்டேன். "அது எனக்கும் புதிது. எழுதிவைத்துக்கொள்கிறேன்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனாலேயே மற்றதை நம்பினேன்.

அன்று எனக்குக் கேட்க வேண்டியிருந்தவை இரண்டு. இந்த நோய் எத்தனை பேருக்கு வரும்? ஏன் அக்காவுக்கு?

முதல் கேள்விக்கு, மூளையில் கட்டி வருவது அரிது என்று புத்தகங்கள் சொல்லும் என்றார். பிறகு தன் பதிவுப் புத்தகத்தைத் தட்டினார். "ஆனால் நாம் கண்டுபிடித்ததைத்தான் எண்ண முடியும். தலையைத் திறந்து பார்த்தால்தான் பல கட்டிகள் தெரியும். செத்த பிறகு திறக்க இந்த ஊரில் யார் சம்மதிப்பார்கள்? சீனரும் இல்லை, உங்களவரும் இல்லை, மலாய்க்காரரும் இல்லை. பைத்தியம் என்றும் காய்ச்சல் என்றும் பேய் என்றும் எழுதப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே கட்டி இருந்தது என்று யாருக்கும் தெரியாது."

யாருக்கு வரும் என்பதற்கு அவர் சொன்னதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். குழந்தைக்கும் வரும், கிழவருக்கும் வரும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தலையின் பின்பக்கம். அக்காவுக்கு வந்த வகை வளர்ந்தவர்களுக்கு. சிலருக்கு நெஞ்சைப் பிடித்த காசநோய் தலைக்கு ஏறிக் கட்டியாகும், அது இந்த ஊரில் உண்டு. மற்றபடி பணக்காரன், கூலி, சாதி, நாடு எதையும் அது பார்ப்பதாகத் தெரியவில்லை. தொட்டால் ஒட்டாது. பெரும்பாலும் குடும்பத்தில் தொடராது. என்ன செய்ததால் வந்தது என்றால், எதுவும் செய்யாமலே வரும். நான் கேட்காத கேள்விக்கும் அதில் பதில் இருந்தது. அன்று காலையில் கண்ணாடி முன்னால் நின்று என் இரண்டு கையையும் காதருகே நீட்டிப் பார்த்துக்கொண்டதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பதிவுப் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தலையில் கட்டி என்று சந்தேகித்தவர்களின் வரிசையில் மாலுமி, கூலி, காவலாளி, கணக்கெழுதும் கிராணி என்று இருந்தது. ஒரு பெண்ணும் இல்லை.

"அப்படியானால் இது ஆண்களுக்கு அதிகம் வருகிறதா?"

"இங்கே வருகிறவர்கள் ஆண்கள்" என்றார். இந்த ஊரே ஆண்களின் ஊர், வேலைக்குக் கப்பலேறியவர்களின் ஊர் என்பதையும் சொன்னார். பிறகு டிரெஸரைப் பார்த்தார். டிரெஸர் என்னைப் பார்த்தார். மூன்று பேருக்கும் ஒன்றே தோன்றியது என்று நினைக்கிறேன். முந்தைய நாள் அந்த மேசையிலிருந்து அக்காவும் கர்ப்பிணி என்றுதான் எழுதப்பட்டுத் திரும்பியிருப்பாள்.

அறுவைக்கு இங்கே வசதி இல்லை. சீமையிலேயே அதைச் செய்கிறவர்கள் சிலர்தான், செய்தாலும் பலர் பிழைப்பதில்லை. எக்ஸ்ரே கதிரை நெற்றிப் பக்கமாகப் பாய்ச்சிப் பார்க்கலாம், சில கட்டி அதற்குச் சுருங்கும். போன பார்வை திரும்பும் என்று வாக்குக் கொடுக்கமுடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம், ஆனால் உடனே தொடங்க வேண்டும் என்றார்.

இதை அக்காவிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. டிராமில் போக அவள் பயந்ததால் நடந்தே வந்தோம், அத்தான் இரண்டடி பின்னால். நான் கண்ணைப் பற்றிச் சொன்னேன், கட்டியைப் பற்றிச் சொன்னேன், கதிரைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தவள், ஆற்றுப் பாலத்தின் மேல் நின்றுவிட்டாள்.

"அப்ப உள்ள யாருமே இல்லையா?"

"இல்லக்கா."

"நான் தினம் பேசிட்டு இருந்தேனே" என்றாள்.

அத்தான் முன்னால் வந்து அவளுடைய வலது பக்கமாக நின்றுகொண்டார். வண்டிகள் அந்தப் பக்கமாகத்தான் வந்தன.

அத்தையை நினைத்துத்தான் நான் பயந்தேன். "என் வாக்கு பலிச்சுதா?" என்று கேட்க நாக்கு துடித்தது, மறைக்கவில்லை. கேட்கவில்லை. அத்தான் விவரம் சொன்னதும் அத்தை வாசற்படியில் உட்கார்ந்து, ஐந்து மாதத்தையும் விரலில் எண்ணினார். பிறகு உள்ளே போய், கப்பலில் வந்திருந்த கண்ணாடி வளையல் கட்டைக் கொண்டுவந்தார். திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அக்காவைக் கூப்பிட்டு, "கையக் குடு" என்றார்.

"எதுக்கு அத்தை? அதான் ஒண்ணுமில்லியே."

"ஒண்ணுமில்லாட்டி? கைக்கு அளவெடுத்து வாங்குனது, வேற எவ கைக்குடி ஏறும்? போடு. வண்டி வந்தா வண்டிக்காரனாவது சத்தம் கேட்டு ஒதுங்குவான்."

கதிர் வைத்தியம் பல மாதம் நடந்தது. வாரத்தில் இரண்டு நாள் கூட்டிப்போனோம். ஒரு நாள் அத்தான், ஒரு நாள் நான். நெற்றியோரத்து முடி கொட்டியது, பூ வைத்து மறைத்துக்கொண்டாள். மூன்றாம் மாதம் காலை வாந்தி நின்றது. தலைவலி வாரத்துக்கு ஒரு தடவையாகக் குறைந்தது. டாக்டர் ஒவ்வொரு தடவையும் வெள்ளை மணியைக் கொண்டு வட்டம் போட்டார். கறுப்பு அதற்குமேல் பரவவில்லை. இடது கண்ணில் ஒரு விரற்கடை அளவு திரும்பியது. அவ்வளவுதான். சில மாதம் பொறுத்திருந்தால் இந்த நடுப் பார்வையும் மிஞ்சியிருக்காது என்றார். நான் கோபத்தில் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மாதத்தில் எத்தனை விரற்கடை போயிற்று என்று நான் கேட்கவில்லை.

அக்கா இப்போதும் தேக்காவில்தான் இருக்கிறாள். அத்தான் பழைய பலகையை மூன்றாக அறுத்து, ஒன்றின் பின் ஒன்றாகப் படி போல அடித்துக் கொடுத்தார். மல்லி கீழ்ப்படி, அதற்குமேல் மிளகாய், மேலே சோம்பு. எல்லாம் அவள் முகத்துக்கு நேரே. மற்றக் கடைக்காரிகள் முதலில் கேலி செய்தார்கள். ஈ மொய்க்காமல் மூட வசதியாக இருக்கிறது என்று பிறகு ஒருத்தி அதே மாதிரி செய்துகொண்டாள். என் சான்றிதழை அக்கா பார்த்துவிட்டாள். முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, எழுத்துத் தெரியாமலே மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

அந்தப் பதிவுப் பக்கத்தில் அக்காவின் பெயர் இருக்கிறது. கீழே வேறு பெண்பெயர் இல்லாமல் ஒரு வருடம் போனது. சென்ற மாதம் நான் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பெண்களிடம் பெண் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன, அவற்றைக் கேட்க என்னை வைத்துக்கொள்ளுங்கள் என்று. அப்படி ஒரு வேலை ஆஸ்பத்திரியில் இல்லை, கேட்டுப்பார்க்கிறேன் என்று பதில் வந்தது. நான் காத்திருக்கவில்லை. பள்ளியில் பேசி, செவ்வாய்க்கிழமை வகுப்பை மாலைக்கு மாற்றிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டிரெஸர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வந்திட்டீர்" என்றார். பிறகு அவரே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய், துணித் தட்டிக்குப் பின்னால் போட்டார். முதலில் வந்தவள் புக்கிட் மேரா பக்கத்திலிருந்து தலைவலி என்று வந்த ஒரு பெண். மாமியார் கூட வந்திருந்தார். மாமியாரை வெளியில் உட்காரச் சொல்லிவிட்டு, அவளை என் எதிரில் உட்கார வைத்து, என் மூக்கைப் பார்க்கச் சொன்னேன்.